காரைக்காலுக்கும் பாரிஸுக்கும் எவ்வளவு தூரம்?

காரைக்காலுக்கும் பாரிஸுக்கும் இடையே நேர்த் தூரம் சுமார் 8,180 கிலோமீட்டர். பூமி உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறைந்த அளவு இதுதான். ஆனால் அந்த நூல் வழியே எந்தப் பயணியும் போனதில்லை. காரைக்காலில் விமான நிலையம் கிடையாது. பக்கத்து விமான நிலையங்களிலிருந்து கிளம்பும் விமானங்களும் அந்தக் கோட்டைப் பிடித்துப் பறப்பதில்லை. ஆகவே 'எவ்வளவு தூரம்' என்ற கேள்விக்கு வரைபடம் ஒரு பதிலும், விமான அட்டவணை வேறொரு பதிலும் சொல்கின்றன. வீட்டு வாசலில் பெட்டியைத் தூக்கியவர் பாரிஸில் ஒரு வாசலில் அதை இறக்கும்வரை ஆகும் நேரம் மூன்றாவது பதில். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நிற்பவை.

முதலில் கணக்கு. காரைக்கால் வட அட்சம் 10.92 பாகை, கிழக்குத் தீர்க்கம் 79.83 பாகை. பாரிஸ் வட அட்சம் 48.86, கிழக்குத் தீர்க்கம் 2.35. கோள முக்கோணக் கணக்குப்படி இரண்டு ஊர்களும் பூமியின் மையத்தில் ஏற்படுத்தும் கோணம் 73.6 பாகை. இதைக் கிலோமீட்டராக மாற்றுவது எளிது. மீட்டர் என்ற அளவே பாரிஸில் பிறந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து அறிஞர்கள், வட துருவத்திலிருந்து பாரிஸ் வழியாக நிலநடுக்கோடு வரை உள்ள கால் வட்டத்தைக் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீட்டர் என்றார்கள். எனவே 90 பாகைக்கு 10,000 கிலோமீட்டர். அந்த விகிதத்தில் 73.6 பாகைக்கு 8,180 கிலோமீட்டர் அளவில் வந்து நிற்கிறது. கிரீன்விச்சை ஏற்பதற்கு முன், 1911 வரை, பிரெஞ்சுக்காரர்களுக்குத் தீர்க்கக் கோடுகளின் தொடக்கமும் பாரிஸ்தான். அந்தக் கணக்கில் காரைக்கால் பாரிஸுக்குக் கிழக்கே 77 பாகை 30 கலை அளவில் இருந்தது.

அந்த நூல் எந்த ஊர்களின் மேல் போகிறது என்று பார்ப்பது சுவையானது. சுவரில் மாட்டும் உலகப் படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது அரபு நாடுகளின் மேல் போகும். அப்படி ஒரே திசையை மாற்றாமல் பிடித்துப் போனால் தூரம் 8,380 கிலோமீட்டர். உருண்டையின் மேல் இழுத்த நூலைவிட 200 கிலோமீட்டர் கூடுதல். தட்டைப் படம் செய்யும் மோசடி இது. உண்மையான குறுக்குவழி, காரைக்காலில் வடமேற்காகக் கிளம்பி, கால் பங்கு தூரத்தில் கராச்சிக்கு அருகே கடலோரத்தைத் தொடுகிறது. சரிபாதி தூரத்தில் இரானின் கஸ்வின் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முக்கால் பங்கில், ருமேனியாவில் டான்யூப் ஆறு கருங்கடலில் கலக்கும் கழிமுகத்தின் மேல் நிற்கிறது. காவிரிக் கழிமுகத்தில் தொடங்கும் கோடு டான்யூப் கழிமுகத்தின் மேலாகப் போய் சேன் ஆற்றங்கரையில் முடிகிறது.

கோடு அழகானதுதான், பறக்கத்தான் முடிவதில்லை. வான்வழிக்கும் நாட்டு எல்லை உண்டு. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது பல மாதங்கள் ஐரோப்பிய விமானங்கள் தெற்கே வளைந்து சுற்றின. 2025 ஏப்ரல் முதல் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு அந்த வழி மறுபடி மூடப்பட்டது. 2025 ஜூனில் இரான், இராக் வானமும் சில நாட்கள் அடைபட்டது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு இல்லை. ஆக, கராச்சி, கஸ்வின், கருங்கடல் வடகரை என்று மூன்று இடத்திலும் நூல் முடிச்சு விழுந்து கிடக்கிறது. விமானம் அரபிக் கடல், வளைகுடா, துருக்கி என்று சுற்றித்தான் போகிறது. எந்த ஆண்டு, எந்தச் சண்டை என்பதைப் பொறுத்துத் தூரம் சில நூறு கிலோமீட்டர் கூடும், குறையும்.

பழைய தமிழ் அளவைகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. கூப்பிடு தூரம் என்றால் குரல் எட்டும் தூரம். நாழிகை வழி என்றால் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்து கடக்கும் தூரம். நேரத்தைச் சொன்னாலே தூரம் வந்துவிடும். காரைக்கால், பாரிஸ் விஷயத்திலும் கிலோமீட்டரைவிட நாழிகைதான் உண்மை பேசும் அளவை. முந்நூறு ஆண்டுகளில் கிலோமீட்டரைவிடப் பன்மடங்கு மாறியிருப்பதும் அதுதான்.

காரைக்கால் 1739இல் தஞ்சை மராட்டிய அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அப்போது பிரான்சின் லோரியான் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கம்பெனிக் கப்பல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பருவக்காற்றைப் பிடித்துச் சோழமண்டலக் கரைக்கு வர ஆறு மாதம் என்பது சாதாரணம். காற்று ஒத்துழைக்காவிட்டால் அதற்கு மேலும் ஆகும். இந்தக் கரையின் கதைகளில் மிக மோசமான பயணம் காரைக்காலுடையது அன்று, வடக்கே 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள தரங்கம்பாடியுடையது. டென்மார்க் அரசர் அனுப்பிய ஓவே கெட்டேயின் கப்பல்கள் 1618 நவம்பரில் கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பி, 1620 மே மாதம் இலங்கைக்கு வந்தன. ஒன்றரை ஆண்டு. வழியில் மாலுமிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அப்படி வந்தவர்கள் அதே ஆண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். தெற்கே நாகப்பட்டினம் 1658 முதல் டச்சுக்காரரிடம் இருந்தது. கோபன்ஹேகன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று மூன்று ஐரோப்பிய நகரங்களோடு கணக்கு வைத்திருந்த மூன்று ஊர்கள், இன்றைய டவுன் பஸ் ஓடும் தூரத்துக்குள் அடங்கின.

ஆறு மாதத் தூரம் என்பதற்கு அரசியல் பொருளும் உண்டு. ஐரோப்பாவில் போர் முடிந்து சமாதானம் ஆன பிறகும் இங்கே துப்பாக்கி ஓயாது, ஏனென்றால் செய்தி கடலில் வந்துகொண்டிருக்கும். கேள்வி அனுப்பிப் பதில் பெற ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால் புதுச்சேரி ஆளுநர்கள் பாதி நேரம் தாங்களே அரசராக நடந்துகொண்டார்கள். அவர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வரவு பெரிய நிகழ்ச்சியாகப் பதிவாவதற்கும் காரணம் இதுதான்.

சூயஸ் கால்வாய் 1869 நவம்பர் 17 அன்று திறக்கப்பட்டது. பம்பாயிலிருந்து லண்டனுக்கு நன்னம்பிக்கை முனை வழியாக சுமார் 19,800 கிலோமீட்டர். சூயஸ் வழியாக 11,600. கடல் வழியில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே நாளில் மறைந்துபோனது. நீராவிக் கப்பலும் சேர்ந்ததால் மார்செய் துறைமுகத்திலிருந்து கொழும்பு வழியாகப் புதுச்சேரிக்கு வருவது சில வாரக் காரியமாயிற்று. கப்பல்கள் கரைக்கு நேராக வந்து ஒட்டாமல் கடலில் நங்கூரமிட, ஆளும் மூட்டையும் படகில் கரை சேர வேண்டியிருந்தது. காரைக்கால்காரர்கள் இந்தக் கப்பல்களில் பாரிஸுக்குப் போனதைவிட சைகோனுக்கும் ரெயூனியனுக்கும் போனதே அதிகம். சைகோனில் எழுத்தர், வரி வசூல்காரர், காவலாளி வேலைகள். ரெயூனியனிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் கரும்புத் தோட்டம். தோட்டத்துக்குப் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். 1861ஆம் ஆண்டு ஆங்கிலேய, பிரெஞ்சு உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுத் தோட்டங்களுக்கு ஆளேற்றிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. அவர்களுக்குப் பயண நேரத்தைப் பற்றிக் கேட்க வழியிருக்கவில்லை; பலருக்குத் திரும்பும் பயணமே அமையவில்லை.

பாரிஸ் என்ற ஊர் காரைக்கால் வீடுகளின் அன்றாடக் கணக்கில் சேர்ந்தது பிரெஞ்சு ஆட்சி போன பிறகுதான் என்பது விசித்திரம். 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஆறு மாதத்துக்குள் விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஒப்பந்தம் இடம் தந்தது. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர்கள், ஊர்ப் பேச்சில் 'சொல்தா' எனப்பட்டவர்கள், அப்படித் தேர்ந்தவர்களில் முக்கியமானவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் வாழும் காரைக்கால்காரர்கள். 'நேஷனாலிட்டி உள்ள குடும்பம்' என்ற சொல் கல்யாணத் தரகர் வாயில் இன்றும் தனி மதிப்போடு வருகிறது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டும் தம்பிக்கு இந்தியப் பாஸ்போர்ட்டும் இருப்பது அங்கே வியப்பில்லை. அண்ணன் பாரிஸில் நேராக இறங்கி நடப்பார். தம்பி விசாவுக்கு நிற்க வேண்டும். ஒரே விமானத்தில் போனாலும் இருவருக்கும் பயண காலம் ஒன்றல்ல.

ஆகாய வழி தென்னிந்தியாவைத் தேடித் தாமதமாகத்தான் வந்தது. ஏர் ஓரியான் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1931இலேயே மார்செயிலிருந்து சைகோனுக்கு விமானம் விட்டது. அது கராச்சி, கல்கத்தா என்று வடக்கே கடந்து போயிற்று. பிரெஞ்சு மண்ணான புதுச்சேரியும் காரைக்காலும் அதன் வழியில் இல்லை. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியா இண்டர்நேஷனல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குத் தன் முதல் விமானத்தை அனுப்பியபோது வாரக் கணக்கு நாள் கணக்காயிற்று. 1960இல் போயிங் 707 வந்ததும் நாள் கணக்கு மணிக் கணக்காயிற்று. அதன் பிறகு வேகம் கூடவே இல்லை. 707 மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டரில் பறந்தது. இன்றைய விமானங்களும் அதே வேகத்தில்தான் பறக்கின்றன. அறுபது ஆண்டுகளில் வானத்தில் மிச்சப்பட்ட நேரம் முழுவதும், இடையில் இறங்கி எண்ணெய் நிரப்பும் வேலை ஒழிந்ததால் வந்ததே.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து பாரிஸ் சார்ல் தெ கோல் நிலையத்துக்கு நேர்த் தூரம் 8,020 கிலோமீட்டர். 900ஆல் வகுத்தால் ஒன்பது மணிக்கும் சற்றுக் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, வளைவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் போகும்போது சுமார் பத்தரை மணி நேரம், வரும்போது சுமார் ஒன்பதரை. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்துக்குக் காரணம் காற்று. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அது இன்னும் முறுக்கேறும். பாரிஸுக்குப் போகும் விமானம் அதை எதிர்த்துப் போகிறது. திரும்பும் விமானத்தை அதுவே தள்ளிவிடுகிறது.

கடிகாரம் செய்யும் ஏமாற்று வேறு. பாரிஸ் நேரம் இந்திய நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கடிகாரத்தைத் திருப்புவார்கள். கோடையில் சென்னையில் அதிகாலை 2 மணிக்கு ஏறிப் பத்தரை மணி நேரம் பறந்தவர் பாரிஸில் இறங்கும்போது அங்கே காலை 9 மணி. டிக்கெட்டைப் பார்த்தால் ஏழு மணி நேரப் பயணம் போலத் தெரியும். அங்கிருந்து காலை 10.30க்கு ஏறி ஒன்பதரை மணி நேரம் பறந்தவர் சென்னையில் இறங்குவது இரவு 11.30க்கு, பார்வைக்குப் பதின்மூன்று மணி நேரம். குறைந்த நேரம் ஆகும் பயணம் டிக்கெட்டில் நீண்டு தெரிகிறது.

சென்னைக்கும் பாரிஸுக்கும் நேர் விமானம் நிலைத்து நின்றதில்லை. 2017 அக்டோபரில் ஜெட் ஏர்வேஸ் தொடங்கியது. 2019 ஏப்ரலில் அந்த நிறுவனமே பறப்பதை நிறுத்தியது. பின்னர் ஏர் பிரான்ஸ் சில காலம் ஓட்டியது. நேர் விமானம் இல்லாத காலங்களில் வளைகுடாதான் வழி. துபாய் வழியாகப் போனால் தூரம் எவ்வளவு கூடும்? சென்னை, துபாய் 2,930 கிலோமீட்டர், துபாய், பாரிஸ் 5,240, மொத்தம் 8,170. நேர் வழியைவிட 150 கிலோமீட்டர்தான் அதிகம், நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. துபாயில் இறங்குவதைச் 'சுற்று வழி' என்று குறை சொல்வதற்குப் பூகோளத்தில் ஆதாரமில்லை. சுற்று இருப்பது காத்திருப்பில்: இரண்டு மணி நேரம் முதல் பத்து மணி நேரம் வரை நாற்காலியில் கழிகிறது.

திருச்சி வழியாகக் கொழும்பு போய் அங்கிருந்து பாரிஸ் போவது இன்னொரு வழி. காரைக்கால், புதுச்சேரி, கொழும்பு மூன்றும் ஏறத்தாழ ஒரே தீர்க்கக் கோட்டில் இருப்பவை. கொழும்புக்குப் போவதென்றால் பாரிஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே போவது. மொத்த வான்தூரம் 8,900 கிலோமீட்டரை எட்டுகிறது. ஆனாலும் இந்த வழிக்கு ஆள் உண்டு, காரணம் திருச்சி விமான நிலையம் காரைக்காலிலிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். துபாய் வழியைவிட வானத்தில் கூடும் 700 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் போதும். தரையில் குறையும் 130 கிலோமீட்டர் மூன்று மணி நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பயணத்தின் உண்மையான சுமை தரையில்தான் இருக்கிறது. காரைக்காலிலிருந்து மீனம்பாக்கம் சாலை வழியாகச் சுமார் 290 கிலோமீட்டர்: தரங்கம்பாடி, திருக்கடையூர், சீர்காழி, கொள்ளிடம் பாலம், சிதம்பரம், கடலூர், புதுச்சேரி, அப்புறம் சென்னைச் சாலை. நான்கு வழிச் சாலை முடிந்த இடத்தில் வண்டி பறக்கும். ஊருக்குள் நுழைந்தால் மாட்டு வண்டி வேகம். நின்று சாப்பிட்டுப் போனால் காரில் ஆறு, ஏழு மணி நேரம். ரயில் இதைவிட வேடிக்கை. 2011 டிசம்பரில் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகலப் பாதை வந்த பிறகு சென்னைக்கு இரவு ரயில் கிடைத்தது. வடக்கே உள்ள சென்னைக்குப் போக வேண்டிய கம்பன் எக்ஸ்பிரஸ், காரைக்காலில் கிளம்பித் தெற்கே நாகூர், நாகப்பட்டினம் போய், மேற்கே திருவாரூர் போய், அதன் பிறகே மயிலாடுதுறை நோக்கி வடக்கே திரும்பும். 1898இல் போட்ட பேரளம், காரைக்கால் பாதை இருந்தவரை இந்தச் சுற்று தேவைப்படவில்லை. 23 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மீட்டர் கேஜ் பாதையை 1980களில் மூடித் தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். அதே தடத்தில் அகலப் பாதை மறுபடி போட முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஐரோப்பாவில் இதற்கு இணையான தூரம் பாரிஸுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் உள்ளது. நேர்த் தூரம் 264 கிலோமீட்டர்; சாலை வழி 310 அளவில். காரைக்கால், சென்னை நேர்த் தூரம் 245. ஏறக்குறைய ஒரே அளவு. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் அதிவேக ரயில் ஒரு மணி 22 நிமிடத்தில் போய்விடுகிறது. அந்த இரு நகரங்களுக்கிடையே விமானம் ஏறுவதைப் பற்றி நினைப்பவர்கள் குறைவு. காரைக்கால், சென்னை ஓர் இரவு. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு இது புரிவதே இல்லை: எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தாயிற்று, பாட்டி வீடு இன்னும் ஒரு பகல் தூரம் என்றால் எப்படி?

பயணம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடியும் இன்னொரு பயணமும் கணக்கில் சேர வேண்டும். பிரெஞ்சுத் துணைத் தூதரகம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, பாஸ்போர்ட் புதுப்பிப்பு என்று நேஷனாலிட்டி குடும்பங்களின் காகிதங்கள் அங்கேதான் நகர்கின்றன. காரைக்காலிலிருந்து நேர் வடக்கே 112 கிலோமீட்டர். சாலையில் 130க்கு மேல். பஸ்ஸில் நாலு மணி நேரம். ஒரு காகிதத்துக்குப் போய் வர ஒரு பகல் முழுவதும் போகிறது. ஒரு கையெழுத்து குறைந்தால் இன்னொரு பகல். இரண்டு முறை போய் வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்த நேரம் மட்டும், பாரிஸுக்கு நேர் விமானத்தில் உட்காரும் நேரத்தைத் தாண்டிவிடும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். காரைக்காலிலிருந்து மீனம்பாக்கம் ஏழு மணி. விமானத்துக்கு முன் மூன்று மணி. துபாய் அல்லது தோஹாவில் இறங்கி ஏறிப் போகப் பதினான்கு மணி. சார்ல் தெ கோலில் வரிசையில் நின்று, பெட்டி எடுத்து, புறநகர் ரயிலில் கார் து நோர் நிலையம் வந்து, தமிழ்க் கடைகள் வரிசையாக உள்ள லா ஷப்பல் பக்கம் போய்ச் சேர இரண்டு மணி. மொத்தம் 26. இதில் காரைக்காலுக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட பகுதி தூரத்தில் நூற்றுக்கு நான்குகூட இல்லை. நேரத்தில் கால் பங்குக்கு மேல். காரைக்காலுக்கு விமான நிலையம் வரும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக இருக்கிறது; விமானம் ஒன்றும் இறங்கவில்லை. வந்தாலும் அங்கிருந்து பாரிஸுக்குப் பறக்கப்போவதில்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒரு சிறு விமானம் போனாலே அந்த ஏழு மணி ஒன்றாகும்.

அதுவரை பயணிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐரோப்பாவை நோக்கிய விமானங்களில் பெரும்பாலானவை சென்னையில் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. தேதி மாறிப் பிழை செய்வது காரைக்கால் பக்கம் அடிக்கடி நடப்பது. டிக்கெட்டில் 12ஆம் தேதி அதிகாலை 2 மணி என்று இருந்தால், வீட்டுப் படியை 11ஆம் தேதி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தாமதமில்லாமல் இறங்கிவிட வேண்டும்.